சண்டைக் காட்சியை விட வகுப்பறைதான் கஷ்டம்

சூப்பர்ஹீரோ பிள்ளைகள் படிக்கும் பள்ளி என்று ஓர் அனிமேஷன் கதை கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் வரைய உட்காருவது சண்டையைத்தான். மதில் உடைகிறது, பஸ் பறக்கிறது, கண்ணிலிருந்து கதிர் பாய்கிறது. அதெல்லாம் ஓரளவு நன்றாகவே வந்துவிடும். வேலை சிக்கிக்கொள்வது அதற்கு முந்தைய காட்சியில். ஆறு பேர் காரிடாரில் பேசிக்கொண்டே போகிறார்கள், மணி அடிக்கிறது, வகுப்புக்குள் நுழைந்து ஆளுக்கொரு இடத்தில் உட்காருகிறார்கள். நாற்பது நொடிதான். அதற்குப் போகிற உழைப்பில் ஒரு முழுச் சண்டையை முடித்துவிடலாம்.

சண்டையில் கண்ணை ஏமாற்ற இடமுண்டு. குத்து விழும் இடத்தில் ஒரே ஒரு ஃபிரேம் (நொடிக்கு 24 ஆக ஓடும் தனிப்படம்) வெளிறிய படம், அதற்கு முன் உடலை ரப்பர் போல இழுத்து வரைந்த ஒரு தீற்றல், விழுந்த பின் இரண்டு மூன்று ஃபிரேம் அப்படியே உறைநிலை, பிறகு தூசி, கேமரா குலுக்கல். மீதியைப் பார்ப்பவர் தானே நிரப்பிக்கொள்வார். காரிடாரில் நடக்கிறவளின் கால் தரையில் கொஞ்சம் வழுக்கினால் ஐந்து வயதுக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். பஸ் பறந்து யாரும் பார்த்ததில்லை. நடையை எல்லோரும் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

தொலைக்காட்சிப் படம் என்றால் இந்தப் பிரச்சினை இரட்டிப்பு. அமெரிக்காவில் ஒரு மணி நேர ஒளிபரப்புக்கான படம் விளம்பரம் போக ஏறத்தாழ 44 நிமிடம் இருக்கும். நொடிக்கு 24 ஃபிரேம் என்று பெருக்கினால் 63,360 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தும் வழக்கப்படி பார்த்தாலும் 31,680 படங்கள். ஒரு ஷாட் சராசரியாக மூன்றரை நொடி என்றால் சுமார் 750 ஷாட். திரையரங்குப் படத்துக்குக் கிடைக்கும் காலமும் பணமும் இதற்குக் கிடையாது. எதை வரையாமல் விடலாம் என்று முடிவெடுப்பதுதான் இங்கே பாதித் திறமை.

சீருடையா, ஹீரோ உடையா

இந்த முடிவு கதையிலேயே தொடங்கிவிடுகிறது. 2016இல் வந்த ‘டிசி சூப்பர் ஹீரோ கேர்ள்ஸ்: சூப்பர் ஹீரோ ஹை’ என்ற தொலைக்காட்சிப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வொண்டர் வுமன், சூப்பர்கேர்ள், பேட்கேர்ள், ஹார்லி குவின், பாய்சன் ஐவி, பம்பிள்பீ, கட்டானா எல்லோரும் பதின்ம வயதில், அமாண்டா வாலர் முதல்வராக இருக்கும் ஒரே பள்ளியில். துணை முதல்வர் கொரில்லா க்ராட். அங்கே அனைவருமே ஹீரோக்கள் என்பதால் ரகசிய அடையாளம் தேவையில்லை. வகுப்பிலும் பெரும்பாலும் ஹீரோ உடையிலேயே உட்கார்ந்திருப்பார்கள். பார்ப்பவருக்கு இது வேடிக்கை. தயாரிப்பவருக்கு இது லாபம். ஒரு பாத்திரத்துக்கு ஒரு முக்கிய உடை வரைந்தால் போதும்.

எதிர்முனையில் ‘மை ஹீரோ அகாடெமியா’ என்ற ஜப்பானியத் தொடர் நிற்கிறது. அங்கே 1-ஏ வகுப்பில் 20 மாணவர்கள்; ஒவ்வொருவருக்கும் பள்ளிச் சீருடை, உடற்பயிற்சி உடை, ஹீரோ உடை. ஆக 60 மாடல் ஷீட், அதாவது எல்லோரும் பார்த்து வரைவதற்கான மாதிரிப் படம். வாராவாரம் வரும் தொடரில் அந்தச் செலவு பல அத்தியாயங்களில் பரவிவிடும். தனிப் படமாக எடுப்பவர் அந்த வழியில் போனால் மாடல் வரைந்தே வருடம் முடிந்துவிடும்.

நடுவில் ஒரு கெட்டிக்காரத்தனமான வழி உண்டு. ‘டேனி ஃபேன்டம்’ தொடரில் சாதாரணப் பள்ளி மாணவனான டேனி, பேயுருவாக மாறும்போது கருப்பு முடி வெள்ளையாகும், நீலக் கண் பச்சையாகும். வெள்ளை உடையும் கருப்புக் கையுறையும் அப்படியே தலைகீழாகி, கருப்பு உடை வெள்ளைக் கையுறை ஆகிவிட்டன. முகக்கோடு அதே கோடு. நிறத்தை மாற்றினாலே ஆள் மாறிவிட்டான். உருமாற்றக் காட்சி தேவைப்படும் கதையில் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான்: கோட்டைத் தொடாமல் நிறத்தால் மட்டும் இந்த மாற்றத்தைச் சொல்ல முடியுமா?

நிறம் என்றதும் இன்னொரு கணக்கு. ஏழு முக்கியப் பாத்திரங்கள், இரண்டு உடை, பகல், மாலை, இரவு என்று மூன்று வெளிச்சம். 7 × 2 × 3 = 42 நிறத்தொகுப்பு. இதில் இரவுத் தொகுப்பைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். பகல் நிறத்தின் மேல் ஒரு நீல லேயரைப் பெருக்கல் முறையில் (கீழே உள்ள நிறத்தை இருட்டாக்கும் முறை) போட்டுச் சமாளிக்கப் பார்ப்பார்கள். சிவப்பு உடை செம்பழுப்புச் சேறாகிவிடும், தோல் நிறம் பிணம் மாதிரி ஆகிவிடும். முகம், உடை, முடி ஆகிய மூன்றுக்கும் தனித்தனியாக இரவு நிறம் தேர்ந்தெடுத்து, அதைப் பின்னணி ஓவியத்தின் மேல் வைத்துப் பார்த்து உறுதி செய்வதே சரியான வழி. வெள்ளைத் திரையில் வைத்துப் பார்த்த நிறம் எதையும் சொல்லாது.

உருவம்

பெரிய ஹீரோவைச் சிறிதாக்கினால் பதின்ம வயது வந்துவிடாது. சூப்பர்ஹீரோ ஓவிய மரபில் பெரியவர் எட்டுத் தலை உயரம், மூன்று தலை அகலத் தோள். அதை அப்படியே குறுக்கினால் கிடைப்பது குள்ளமான குஸ்தி வாத்தியார். ஆறு அல்லது ஆறரைத் தலை உயரம், தோள் இரண்டு தலை அகலத்துக்குக் கிட்டே, மெல்லிய கழுத்து, உடம்புக்குக் கொஞ்சம் பெரிதான கையும் பாதமும். இந்தக் கடைசிக் குறிப்பு முக்கியம். உடம்பு இன்னும் வளர்ந்து முடியவில்லை என்று கையும் காலும்தான் சொல்கின்றன.

பிறகு நிழலுருவச் சோதனை. ஏழு பேரையும் வரிசையாக நிறுத்தி முழுக்கக் கருப்பாக்கிப் பாருங்கள். யார் யார் என்று தெரிய வேண்டும். அடுத்து, படத்தைத் திரையில் இரண்டு செ.மீ. உயரத்துக்குச் சுருக்கி மறுபடி பாருங்கள். காரிடார் காட்சியில் பின்னால் நிற்கிறவள் அந்த அளவில்தான் தெரிவாள். டிசி சூப்பர் ஹீரோ கேர்ள்ஸ் வரிசை 2015இல் மேட்டல் பொம்மைகளோடு சேர்த்தே திட்டமிடப்பட்டது. 6 அங்குல உருவமும் 12 அங்குலப் பொம்மையும் வந்தன. கடை அலமாரியில் தூரத்திலிருந்தே ஆளை அடையாளம் காண வேண்டிய உருவங்கள் அவை. விளம்பரத் தந்திரம் என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் அதே தேவை அனிமேட்டருக்கும் உண்டு.

உடையில் கோடு கூடக்கூடச் செலவு கூடும். 1967இல் வந்த ஸ்பைடர்மேன் தொடரில் வலைக்கோடுகள் முகமூடியிலும் கையுறையிலும் காலணியிலும் மட்டும் இருக்கும். மார்பிலும் தோளிலும் இராது. யாரும் மறந்துவிடவில்லை. ஒவ்வொரு ஃபிரேமிலும் அந்த வலையை வளைத்து வரைய ஆள் இல்லை. இன்று ரிக் (ஒரு முறை வரைந்த உருவத்தைப் பொம்மலாட்டப் பொம்மைபோல் அசைக்கும் கணினி எலும்புக்கூடு) இருக்கிறதே என்பார்கள். ரிக்கிலும் உடல் முறுகும்போது வலைக்கோடு நெளிந்து கோணலாகும், அதைக் கையால்தான் திருத்த வேண்டும். மார்பில் ஒரு சின்னம், இடுப்பில் ஒரு பட்டை, அதற்கு மேல் வேண்டாம்.

முதுகில் தொங்கும் கேப்புக்கும் இதே கணக்குத்தான். உடல் நின்ற பிறகும் அது ஆறு முதல் பத்து ஃபிரேம் வரை ஆடி அடங்க வேண்டும். நடந்தால் ஆடும், திரும்பினால் சுழலும், உட்கார்ந்தால் நாற்காலிக்கு முன்னா பின்னா என்று கேள்வி எழும். வகுப்பறையில் அதிக நேரம் உட்காரப் போகிற பாத்திரத்துக்குக் கேப் கொடுப்பதானால் தோள்வரை மட்டும் கொடுங்கள், அல்லது வகுப்புக்குள் நுழையும்போதே ஆணியில் மாட்டிவிடச் சொல்லுங்கள். பின்னது நல்ல நகைச்சுவையும்கூட.

வகுப்பறை

ஸ்டோரிபோர்டு, அதாவது ஷாட் ஷாட்டாகக் கதையை வரையும் முன்படம், தொடங்கும் முன் மேலிருந்து பார்த்த மாதிரி வகுப்பின் வரைபடம் ஒன்று வேண்டும். யார் எந்த வரிசை, எந்த பெஞ்சு, ஜன்னல் எந்தப் பக்கம், கதவு எந்தப் பக்கம், ஆசிரியர் எங்கே நிற்பார். ஆசிரியரிலிருந்து கதாநாயகிக்கு ஒரு நேர்க்கோடு இழுங்கள். கேமரா அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில்தான் இருக்க வேண்டும். கோட்டைத் தாண்டினால் இடது பக்கம் பார்த்தவள் அடுத்த ஷாட்டில் வலது பக்கம் பார்ப்பாள். ஆசிரியருக்கு முதுகைக் காட்டிப் பதில் சொல்கிற மாதிரித் தோன்றும். சண்டையில் இந்தத் தவறு குழப்பமாகத் தெரியும், சண்டையே குழப்பம்தானே என்று போய்விடும். வகுப்பறையில் அது அப்பட்டமான பிழை.

அந்த வரைபடத்தைச் சுவரில் ஒட்டாமல் வேலை தொடங்கிய குழுக்களில் திரும்பத் திரும்ப நடப்பது ஒன்றுதான். மூன்றாவது ஷாட்டில் கதாநாயகிக்குப் பின்னால் இருந்தவன் ஒன்பதாவது ஷாட்டில் காணாமல் போயிருப்பான்.

அடுத்து பெஞ்சு. உட்கார்ந்திருக்கிற ஒரு மாணவியை வரையக் குறைந்தது நான்கு அடுக்கு வேண்டும். கீழே நாற்காலி முதுகு, அதன் மேல் உடல், அதன் மேல் மேசை, எல்லாவற்றுக்கும் மேலே கை. பலர் முதல் மூன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். கையை மேசைமேல் வைக்கச் சொல்லும் காட்சி வந்ததும் கை மேசைக்குள் புதைந்துவிடும். ரிக் செய்யும்போதே முழங்கைக்குக் கீழே உள்ள பகுதியைத் தனி அடுக்குக்கு நகர்த்த முடிகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மேசையின் நிழல் உடல்மேல் விழுவதும் தனி அடுக்கு. அது இல்லாவிட்டால் ஆள் மேசைக்குப் பின்னால் ஒட்டிய அட்டைபோல் இருப்பாள்.

இதில் ஓர் ஆறுதல். மேசை கால்களை மறைக்கிறது. இடுப்புக்குக் கீழே எதுவும் வரைய வேண்டாம். உட்கார்ந்தே பேசும் காட்சிகளைக் கதையில் சேர்த்து வைப்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. கேட்டுக்கொண்டிருப்பவர்களை மட்டும் முற்றிலும் உறைய விடாதீர்கள். மூன்று நொடிக்கு ஒரு முறை யாராவது ஒருவர் கண் சிமிட்ட வேண்டும். ஒரு சிமிட்டலுக்கு ஐந்தாறு ஃபிரேம் போதும். எல்லோரும் ஒரே நேரத்தில் சிமிட்டினால் பொம்மைக் கடை.

காரிடார்

இங்கேதான் கணக்கு சரியாக இருக்க வேண்டும். சாதாரண நடைக்கு ஓர் அடிக்கு 12 ஃபிரேம். முதல் ஃபிரேமில் குதிகால் தரையைத் தொடுகிறது, நான்கில் உடல் மிகத் தாழ்கிறது, ஏழில் ஒரு கால் மற்றதைக் கடக்கிறது, பத்தில் உடல் மிக உயர்கிறது, பதின்மூன்றில் அடுத்த குதிகால். திரையில் ஓர் அடியின் நீளம் 180 பிக்சல் என்றால் பின்னணி ஃபிரேமுக்கு 15 பிக்சல் நகர வேண்டும். இந்த 15ஐ மனதில் வையுங்கள்.

ஆறு பேரும் ஒரே 12 ஃபிரேம் தாளத்தில் நடந்தால் அணிவகுப்பு ஆகிவிடும். குட்டையான பெண்ணுக்கு அடி 150 பிக்சல், 10 ஃபிரேம். நெட்டையானவனுக்கு 210 பிக்சல், 14 ஃபிரேம். 150ஐ 10ஆல் வகுத்தாலும் 210ஐ 14ஆல் வகுத்தாலும் அதே 15. மூவகை நடையும் ஒரே பின்னணிமேல் வழுக்காமல் சேர்ந்து போகும். இரண்டடிச் சுழற்சி 20, 24, 28 ஃபிரேம்களாக இருப்பதால் மூன்றும் ஒரே புள்ளியில் மறுபடி சந்திக்க 840 ஃபிரேம் ஆகும். அதாவது 35 நொடி. அவ்வளவு நீளமான ஷாட் உங்கள் படத்தில் இருக்கவே கூடாது. பின்னால் போகும் கூட்டத்துக்கும் இதே மூன்று சுழற்சிகளை நிறம் மாற்றி, தொடங்கும் ஃபிரேமைத் தள்ளி வைத்துப் பயன்படுத்தலாம்.

நடையை இரண்டு ஃபிரேமுக்கு ஒரு படமாக வரைந்துவிட்டுப் பின்னணியை ஒவ்வொரு ஃபிரேமிலும் நகர்த்தினால், தரையில் ஊன்றிய பாதம் முன்னும் பின்னும் நடுங்கும். பாதம் இரண்டு ஃபிரேம் ஒரே இடத்தில் நிற்கிறது, தரையோ அதற்குள் 15 பிக்சல் போய்விட்டது. பின்னணியையும் இரண்டு ஃபிரேமுக்கு 30 பிக்சல் என்று நகர்த்தினால் பாதம் சரியாகும், சுவர் குதிக்கும். கால்களை மட்டும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வரைவது நல்ல தீர்வு. தொலைக்காட்சியின் தீர்வு அதைவிட எளிது: இடுப்புக்கு மேலே ஷாட் வைப்பது. உடல் பத்துப் பிக்சல் ஏறி இறங்கினால் நடை என்று நம்பிவிடுவோம். முழு உருவ நடையைக் காரிடார் காட்சியின் முதல் ஷாட்டில் ஒரு தடவை காட்டிவிட்டு மீதியெல்லாம் இடுப்புக்கு மேலே.

அமெரிக்கப் பள்ளி என்றாலே சுவர் நெடுக லாக்கர் வரிசை. அதில் ஒரு பொறி இருக்கிறது. லாக்கர் ஒவ்வொன்றும் 160 பிக்சல் அகலம் என்று வையுங்கள். 15 பிக்சல் நகர்வு பிரச்சினை இல்லை. மின்னல் வேகத்தில் ஓடும் பாத்திரம் வந்து பின்னணியை ஃபிரேமுக்கு 80 பிக்சல் தள்ளினால் லாக்கர் கோடுகள் முன்னால் போகிறதா பின்னால் போகிறதா என்று தெரியாமல் படபடக்கும். 80க்கு மேல் போனால் பின்னோக்கி ஓடுவது போலத் தெரியும். சரியாக 160 என்றால் ஓடவே இல்லை, நின்றுவிடும். வண்டிச் சக்கரம் சினிமாவில் பின்னால் சுற்றுகிற அதே கோளாறு. ஃபிரேமுக்கு நகர்வு லாக்கர் அகலத்தில் கால்பங்குக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் வேகம் வேண்டுமென்றால் லாக்கரே இல்லாத, கிடைமட்டக் கோடுகளாக இழுத்த தனிப் பின்னணிக்கு மாறுங்கள். கதவு திறந்த ஒரு லாக்கர், ஒரு சுவரொட்டி, ஒரு குடிநீர்க் குழாய் என்று ஒழுங்கைக் குலைத்தாலும் ஓரளவு தப்பலாம்.

குரலும் வாயும்

அமெரிக்க முறையில் குரல் முதலில் பதிவாகும், படம் அதற்குப் பின்னால் வரையப்படும். ஜப்பானில் பெரும்பாலும் படத்தைப் பார்த்துப் பேசுவார்கள். சிறு குழுவுக்கு முதல் முறைதான் நல்லது, வாயசைவு கைக்குள் இருக்கும். பதிவின்போது கத்தல், அடிபடும் முனகல், விழும் அலறல் எல்லாவற்றையும் கடைசிக்கு வையுங்கள். முதல் அரை மணி நேரத்தில் கத்தவிட்டால் மீதி வசனம் முழுக்கக் கரகரப்புத்தான். பதின்ம வயதுப் பையனையே பேச வைப்பதில் இன்னொரு ஆபத்து உண்டு. பதிவுக்கும் படம் முடிந்து திருத்த வசனம் பேசுவதற்கும் இடையே மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் குரல் உடைந்திருக்கும். பையன்களுக்குப் பெண்கள் குரல் கொடுக்கும் வழக்கம் நீடிப்பதில் இதற்கும் பங்குண்டு.

வாய் வடிவங்கள் ஒன்பது இருந்தால் தமிழுக்குப் போதும்: மூடிய உதடு, லேசாகத் திறந்து பல் தெரிவது, எ-ஏ, இ-ஈ, ஆ, ஓ, குவிந்த ஊ, உதட்டைப் பல் தொடும் வ, நாக்கு மேலே தெரியும் ல-ள-ழ. ஆங்கில அட்டவணையை அப்படியே எடுத்தால் இரண்டு இடத்தில் உதைக்கும். ஒன்று வகரம். ஆங்கிலத்தில் எஃப், வி இரண்டுக்கும் கீழுதட்டைக் கடித்த மாதிரி வரைவார்கள். தமிழ் வகரத்தில் பல் அப்படி அழுந்தாது. அந்த வாயைப் போட்டால் ‘வா வா’ என்பவள் எதையோ மெல்லுகிறாள். ஒரே ஃபிரேம், லேசான தொடுதல் போதும். இன்னொன்று இரட்டித்த மெய். ‘அபாயம்’ என்பதில் உதடு இரண்டு ஃபிரேம் மூடினால் சரி. ‘அப்பா’, ‘அம்மா’, ‘தப்பு’ ஆகியவற்றில் மூன்று நான்கு ஃபிரேம் மூடியே இருக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் ஏதோ சரியில்லை என்று பார்ப்பவருக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும், எதுவென்று சொல்லத் தெரியாது.

வாய் ஒலிக்கு ஒன்றிரண்டு ஃபிரேம் முன்னால் வர வேண்டும். ஒலிக்குப் பின்னால் வந்தால் டப்பிங் படம் மாதிரி இருக்கும். வேகமாகப் பேசும் வசனத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் வாய் போடாதீர்கள். உயிரொலியையும் மூடிய உதட்டையும் பிடித்தால் போதும். ‘ரூபார்ப் லிப் சிங்க்’ என்ற இலவச மென்பொருள் ஒலிக்கோப்பிலிருந்து வாய்வரிசை எடுத்துத் தரும். அதன் இயல்பான அமைப்பு ஆங்கிலச் சொற்களைத் தேடும். தமிழுக்கு ‘ஃபொனெடிக்’ என்ற அடையாளங்காணும் முறைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அப்படியும் இரட்டித்த மெய்களைக் கையால் சரிபார்ப்பது நல்லது.

பளிச்சிடும் சக்திகள்

சக்தியைத் தனி அடுக்கில் வரையுங்கள் என்பது எல்லோரும் சொல்வது. அந்த வெளிச்சம் முகத்திலும் அருகிலுள்ள சுவரிலும் விழ வேண்டும் என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். விழாவிட்டால் படத்தின்மேல் ஸ்டிக்கர் ஒட்டினாற்போல் இருக்கும். பலசாலிப் பாத்திரம் பெஞ்சைத் தூக்கும்போது கை மேலே போன பிறகு நான்கு ஃபிரேம் கழித்துப் பெஞ்சு கிளம்பினால் கனம் தெரியும். சேர்ந்தே கிளம்பினால் தெர்மோகோல்.

ஒன்றில் மட்டும் விளையாட்டு கூடாது. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான போகிமான் அத்தியாயம் ஒன்றில் சிவப்பும் நீலமும் நொடிக்கு 12 முறை மாறி மாறிப் பளிச்சிட்டன; வலிப்பு, வாந்தி, தலைச்சுற்றல் என்று சுமார் 685 பேர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அதற்குப் பிறகு ஒளிபரப்பு விதிகள் இறுகின. ஒரு நொடிக்குள் மூன்று பளிச்சுக்கு மேல் கூடாது என்பது பொது அளவு. 24 ஃபிரேம் கணக்கில் ஒரு பளிச்சுக்கும் அடுத்ததற்கும் இடையே எட்டு ஃபிரேமுக்குக் குறையக் கூடாது. பத்து வைத்துக்கொள்ளுங்கள். அடர் சிவப்பை மாறி மாறிப் பளிச்சிட விடவே வேண்டாம். திரை முழுக்க வெளுக்காமல் ஒரு மூலையில் மட்டும் ஒளிர வைத்தால் அதே அதிர்ச்சி கிடைக்கும், ஆபத்தும் குறையும். பிரிட்டனில் ஒளிபரப்பும் முன் இதற்கென்றே ஒரு இயந்திரச் சோதனை உண்டு. அதில் விழுந்தால் படம் திரும்பி வரும்.

வேறு மொழிக்குப் போகும்போது

பள்ளிக்கதையை டப்பிங்குக்குக் கொடுக்கும்போது முதலில் கேட்பது இசையும் ஒலிகளும் மட்டுமுள்ள தடம். அங்கே காரிடார் மறுபடி தொல்லை தரும். பின்னணியில் மாணவர் கூட்டம் சலசலக்கிறதே, அது ஆங்கிலத்தில் இருக்கிறதா வெறும் சலசலப்பா? ஆங்கிலச் சொல் காதில் விழுந்தால் அந்தக் கூட்டத்தையே புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். ஒலிபெருக்கி அறிவிப்பும் அப்படித்தான். கரும்பலகை, அறிவிப்புப் பலகை, தேர்வுத்தாள் ஆகியவற்றில் எழுத்தைப் பின்னணி ஓவியத்தோடு சேர்த்து வரைந்துவிடாமல் தனி அடுக்கில் வைத்திருந்தால் மாற்றுவது ஐந்து நிமிட வேலை.

தமிழில் வினை கடைசியில் வருவதால் ஆங்கில வசனத்தின் அழுத்தமும் தமிழ் வசனத்தின் அழுத்தமும் வெவ்வேறு இடத்தில் விழும். பாத்திரம் கையை ஓங்கி மேசையில் தட்டுவது வாக்கியக் கடைசியில் என்றால் ‘இப்பவே போகணும்’ பொருந்தாது, ‘போகணும், இப்பவே!’ பொருந்தும். பேச்சுத் தமிழ் இந்த நெகிழ்வைத் தாராளமாகத் தருகிறது, எழுத்துத் தமிழில் டப்பிங் எழுதுபவர்கள்தான் அதை வீணாக்குகிறார்கள். இன்னொரு சலுகை நீ, நீங்க. சூப்பர் ஹீரோ ஹை படத்தில் வில்லி கிரானி குட்னெஸ் பள்ளி நூலகராக வேடமிட்டு சூப்பர்கேர்ளிடம் பாசமாகப் பழகுகிறாள். ஆங்கிலத்தில் முன்னும் பின்னும் ஒரே ‘யூ’. தமிழில் சூப்பர்கேர்ள் அவளை ‘பாட்டி, நீங்க’ என்று அழைத்துக்கொண்டிருந்து, வேடம் கலைந்த நொடியில் ‘நீ’ என்று மாறினால் வேறு விளக்கமே தேவையில்லை.

இந்தியத் தொலைக்காட்சி நொடிக்கு 25 ஃபிரேம். 24இல் எடுத்ததை அப்படியே வேகம் கூட்டி ஓட்டினால் 44 நிமிடப் படம் 42 நிமிடம் 14 நொடியாகிவிடும், குரல் அரைச்சுரத்தில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைய ஏறும். சுருதியைத் திருத்தாமல் விட்டால் பதினாறு வயதுக்காரி பன்னிரண்டு வயதுக்காரி ஆவாள். ஒலி அளவும் ஊருக்கு ஊர் வேறு. LUFS என்ற ஒலியளவு அலகில் அமெரிக்க ஒளிபரப்புக்குச் சராசரி -24, ஐரோப்பாவில் -23. இணையத்துக்கென்று சத்தமாகக் கலந்து வைத்த கோப்பைத் தொலைக்காட்சிக்குக் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சின்னக் குழு, மூன்று நிமிடம்

நான்கு பேர் சேர்ந்து மூன்று நிமிடப் படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 180 நொடி, சுமார் 50 ஷாட். மூன்று பாத்திரங்கள், ஒரு ஆசிரியர். வகுப்பறை, காரிடார், மைதானம் என்று மூன்று இடம். வகுப்பறைக்கு நான்கு கோணம், மற்றவற்றுக்கு இரண்டிரண்டு, மொத்தம் எட்டுப் பின்னணி. கையால் வரைபவர் ஒருவர் நாளுக்கு மூன்று முதல் ஐந்து நொடி முடித்தாலே நல்ல வேகம். இருவர் வரைந்தால் வேலைநாள் பதினெட்டிலிருந்து முப்பது, திருத்தங்களுக்கு இன்னொரு பத்து. வரையும் மென்பொருளுக்குக் கிருட்டாவும் ஓபன்டூன்ஸும் போதும், இரண்டும் இலவசம். ஓபன்டூன்ஸ் 2016இல் திறந்த மூலமாக வெளியானது, ஜப்பானின் கிப்லி அனிமேஷன் நிறுவனம் பயன்படுத்திய பதிப்பை அடிப்படையாகக் கொண்டது. காரிடார் நகர்வுக் கணக்கை அதில் ஃபிரேம் ஃபிரேமாக எண்ணாலேயே கொடுக்கலாம்.

வரைவதற்கு முன் ஸ்டோரிபோர்டு படங்களைக் குரலோடு சேர்த்து ஒரு அனிமேட்டிக் செய்துவிடுங்கள். அதை ஒரு தடவை ஒலியை முழுக்க அணைத்துப் பாருங்கள். யார் யாரிடம் பேசுகிறார்கள், யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று புரியாத ஷாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு படத்தை மறைத்துவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள். மூன்று பாத்திரங்களின் குரலையும் பிரித்தறிய முடியவில்லை என்றால் அப்போதே ஆளை மாற்றலாம். வாயசைவு வரைந்த பிறகு மாற்றினால் அந்த வாய்கள் எல்லாம் குப்பை. வரைகிற வரிசையும் தலைகீழாக இருக்கட்டும். காரிடாரையும் வகுப்பறையையும் முதலில் முடியுங்கள். நாள் போதாமல் போனால் கடைசியில் சண்டையை வெட்டலாம்: ஒரு கதவு மூடுகிறது, உள்ளே இடி முழக்கம், கதவிடுக்கில் வெளிச்சம், மேலே தொங்கும் வகுப்புப் பலகை ஆடுகிறது. நான்கு படங்களில் வேலை முடிந்துவிடும்.